ஏரிய நான் பாத்துக்கறேன்

பாலக்கரைப் பழைய பேப்பர் கடையின் ஷட்டர் ஏறியதும் டெல்பின் செருப்பைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் தராசின்மேல் ஏறி நிற்கிறாள். நாற்பத்து மூன்று. இறங்கி, தானே தைத்த ஒரு கித்தான் பையைத் தூக்கி வைக்கிறாள். பன்னிரண்டு. சரியாக இருக்கிறது என்று தலையாட்டிக்கொள்கிறாள். விற்க ஒரு பழைய நோட்டுகூடக் கொண்டுவராத வாடிக்கையாளர் அந்தக் கடைக்கு இவள் ஒருத்திதான். கடைக்கார வள்ளிக்கண்ணு அக்கா அலுக்காமல் சொல்கிறாள்: "நேத்து இருந்த வெயிட்டுதான்டி. ஒன்னைய எடைக்குப் போட்டா எனக்கு டீக்குக்கூடத் தேறாது. நாலு இட்லி சேத்துத் தின்னு."

தின்னாமல் என்ன? கல்லூரி கேண்டீனில் அவள் நான்கு புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டதை எதிரில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அவளுக்கு ஒரு கிராம் ஏறவில்லை. பார்த்த எனக்கு ஏறிவிட்டது.

பைக்குள் இருப்பது காவிரி மணல். வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் டெல்பின், எங்கள் கல்லூரித் துடுப்புப் படகு கிளப்பின் காக்ஸ். படகில் நான்கு பேர் துடுப்பு வலிப்பார்கள். ஐந்தாவது ஆள் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, திசை திருப்பி, கத்தி வேலை வாங்குவார். அந்த ஐந்தாவது ஆள்தான் காக்ஸ். அவருக்கு ஐம்பத்தைந்து கிலோவாவது இருக்க வேண்டும் என்று விதி. குறைந்தால் குறைகிற கிலோவைச் சுமையாகக் கூடவே ஏற்றிக்கொள்ள வேண்டும். டெல்பினின் குறை பன்னிரண்டு கிலோ மணல்.

இந்தக் கிளப்புக்குப் பொறுப்பாசிரியர் அடியேன். தமிழ்த்துறை. நீச்சல் தெரியாது. திருவரங்கத்தில் பிறந்து வளர்ந்தும், இரண்டு பக்கமும் ஆறு ஓடுகிற ஊரில் வாளித் தண்ணீரில் குளித்தே முப்பத்தெட்டு வயதைத் தாண்டியவன். இரண்டு வருடம் முன்பு டெல்பின் ஒரு தாளை நீட்டினாள். வாசகர் வட்டம் போலிருக்கிறது என்று நினைத்துப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். விடைத்தாளையே படிக்காமல் திருத்திப் பழகிய கை, வேறென்ன செய்யும்? ஒருமுறை முக்கொம்புப் பக்கம் பயிற்சியில் என்னையும் படகில் ஏற்றினார்கள். "பயப்படாதீங்க சார், இங்க இடுப்பளவுதான்" என்றாள் டெல்பின். யார் இடுப்பு என்று கேட்டேன். அதன்பிறகு கரையில் நிற்பதோடு சரி. கரையிலும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன்.

கிளப் என்றால் கிளப்தான், கல்லூரி அணி கிடையாது. கபடிக்குப் போகிறவனுக்கு ஜெர்சி உண்டு, விடுதியில் இரண்டு முட்டை உண்டு, வகுப்புக்கு வராத நாளுக்கு ஆன் டூட்டி என்று ஓ.டி. உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு ஆப்சென்ட் உண்டு. உடற்கல்வி இயக்குநரிடம் டெல்பின் கேட்டபோது பக்கத்தில் கைகட்டி நின்றேன்.

"காலேஜ் டீம் லிஸ்ட்ல சேக்கணும்னா என்ன சார் பண்ணணும்?"

"ஜெயிக்கணும்மா."

"ஜெயிக்க பிராக்டிஸ் வேணும் சார். அதுக்கு ஓ.டி. வேணும்."

"லிஸ்ட்ல இருந்தா தாராளமா குடுக்கலாமே!"

அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

ஆற்றில் தண்ணீர் வற்றிய மாதங்களில் ஆடிட்டோரியத்துக்குப் பின்னால் நான்கு பெஞ்சை வரிசையாகப் போட்டு, பையன்கள் துடைப்பக் கட்டையை வலிப்பார்கள். எதிரே ஒரு ஸ்டூலில் டெல்பின், மடியில் மணல் பை. எந்த நாடகத்துக்கு ஒத்திகை என்று வாட்ச்மேன் என்னிடம் விசாரித்தார். ஆண்டு விழாவுக்கு என்று சொல்லித் தப்பித்தேன். உண்மையைச் சொன்னால் நம்பியிருக்கவா போகிறார்?

டெல்பினிடம் ஒரு விசித்திரம் உண்டு. பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டாள். படகில் காக்ஸ் இடுப்பைத் திருப்பினால் படகு ஒரு பக்கம் சாயும், நான்கு பேர் உழைப்பும் வீண். அதனால் திரும்பாமல் இருக்கப் பழகினாள், பழக்கம் தரைக்கும் வந்துவிட்டது. வராந்தாவில் பின்னாலிருந்து கூப்பிட்டால் நடந்துகொண்டே, "முன்னாடி வாங்க சார்" என்கிறாள். போய்த் தொலைகிறேன், முன்னால். வகுப்பில் பின்பெஞ்சுக்காரன் பேனா கேட்டால் தோளுக்கு மேலாகக் கை மட்டும் பின்னால் போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துடுப்பு வலிப்பவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்வார்கள். அவர்களுக்குத் தெரிவது, தாங்கள் தாண்டி வந்தது மட்டும்தான். முதலில் போகிற படகில் இருப்பவனுக்கு எதிராளிகள் அத்தனை பேரும் தெரிவார்கள். கடைசியில் போகிறவனுக்குத் தண்ணீர்தான் தெரியும். இரண்டு வருடத்தில் நான்கு போட்டி, நான்கிலும் நாங்கள் கடைசி. டெல்பினுக்கு நேர் எதிரே உட்கார்ந்து வலிக்கிற அர்ஹம் ஒருமுறை கரையேறியதும் என்னிடம் கேட்டான்: "சார், போட்டிக்கு வேற காலேஜும் வந்துச்சாமே, நெசமா? நாங்க யாரையும் பாக்கலையே!"

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். டெல்பின் சிரிக்கவில்லை. மற்ற எல்லாப் படகுகளின் முதுகையும் பார்த்துக்கொண்டே வந்தவள் அவள் ஒருத்திதானே. ஒருநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அடுத்த வாரப் போட்டிதான் சார் எனக்குக் கடைசி. அந்த ரெண்டு நாள் போனா அட்டெண்டன்ஸ் சரியா எழுபத்தஞ்சுல நிக்கும். அதுக்கப்புறம் ஒரு நாள் போனாலும் பரீட்சை எழுத விடமாட்டாங்க. ஜெயிக்கல்லாம் வேணாம் சார். பசங்க இன்னிவரைக்கும் வேற ஒரு படகக்கூடப் பாத்ததில்ல. ஒன்னே ஒன்னு. அதக் காட்டிட்டு எறங்கிடறேன்."

ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே. பதினான்கு வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவன், "டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்டேன்.

போட்டி சென்னைக்குப் பக்கத்தில் ஓர் ஏரியில். திருச்சி ஜங்ஷனில் பையைச் சோதனை இயந்திரத்தில் விட்டதும் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"என்னம்மா இது?"

"மணல் சார்."

"ஆத்து மணலா?"

"ஆமா சார். பன்னெண்டு கிலோ."

"இந்த ஊர்ல நின்னுக்கிட்டு அத எங்கிட்டயே சொல்றியா? எதுக்கும்மா மணலு?"

"நான் வெயிட்டு பத்தல சார்."

அவர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க யாருங்க?"

"தமிழ்த்துறைங்க" என்றேன்.

"மணலுக்கும் தமிழுக்கும் என்னங்க சம்பந்தம்?"

அதைத்தான் நானும் இரண்டு வருடமாக யோசிக்கிறேன். டெல்பின் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, "ஜெயிச்சுட்டு வாம்மா. வந்ததும் மணல ஆத்துலயே கொட்டிரு" என்று அனுப்பி வைத்தார்.

மறுநாள் காலை ஏரியில் ஐந்து படகு. முடிவுக் கோட்டுக்கு நேரே கரையில் நான், லைஃப் ஜாக்கெட்டோடு. பக்கத்தில் நின்ற வேறொரு கல்லூரி ஆசிரியர், நீங்கள் மீட்புக் குழுவா என்று மரியாதையாக விசாரித்தார். கொடி இறங்கியது. வழக்கம்போல ஐந்தாவதாகக் கிளம்பி, வழக்கம்போல ஐந்தாவதாகவே வந்துகொண்டிருந்தோம். ஆனால் நாலாவது படகு எப்போதும்போல் எட்டிப் போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. டெல்பின் குரல் கரைக்குக் கேட்க ஆரம்பித்தது. "என்னைப் பாரு! ஏரிய நான் பாத்துக்கறேன்! வலி! வலி!"

எங்கள் திறமையால் முந்தினோம் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. பொய் சொல்லக் கூடாது. கடைசி நூறு மீட்டரில் நாலாவது படகுக்காரன் ஒருவனின் துடுப்பு தண்ணீரில் மாட்டிக்கொண்டு அவன் நெஞ்சிலேயே இடித்தது. அந்தப் படகு ஒரு கணம் தயங்கியது. ஆனால் அந்த ஒரு கணத்தைப் பிடித்துக்கொள்கிற தூரத்தில் எங்கள் படகு இருந்ததே, அதற்குத்தான் இரண்டு வருடத் துடைப்பக் கட்டை. நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. தமிழ் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

பக்கவாட்டில் வந்த அந்தப் படகு மெல்ல நழுவி டெல்பினுக்குப் பின்னால் போனது. அர்ஹமின் பார்வை அவள் முகத்தை விட்டு அவள் தோளுக்கு மேலே ஏறியது. வாய் திறந்துகொண்டது. இதற்காகத்தானே வந்தாள் பாவி! பார்க்க விட்டாளா? "அங்க என்ன பார்வை? என்னைப் பாருடா!" என்று ஒரு அதட்டல். நான்கு தலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல் அவளிடம் திரும்பின.

கோட்டைத் தாண்டினார்கள். ஒரு படகு தாண்டினால் ஒரு ஹாரன்; எங்களுக்கு அடித்தது நாலாவது. ஐந்தாவது ஹாரனுக்கு இன்னும் ஒரு படகு பாக்கி இருந்தது, அது நாங்கள் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மீட்புக் குழு அழுவதைப் பார்த்து அந்த ஆசிரியர் ஓரடி தள்ளி நின்றார்.

படகில் யாரும் ஆர்ப்பரிக்கவில்லை. நான்கு பேரும் துடுப்பின்மேல் கவிழ்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். டெல்பின் அவர்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இப்பப் பாருங்கடா" என்றாள், கத்திக் கம்மிப்போன குரலில். நான்கு தலையும் நிமிர்ந்தன. அவள் மணல் பையைத் தள்ளி வைத்தாள், படகின் இரண்டு விளிம்பையும் இறுகப் பற்றிக்கொண்டாள், படகு ஒரு பக்கமாகச் சாயச் சாய, இடுப்பை முழுதாகத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.