மெட்ராஸ் டிசைனும் என் கத்திரியும்

எழுபதுகளில் சித்தூரில் ஒரு பொருள் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் "மெட்ராசு டிசைனு" என்பார்கள். ஜன்னல் கம்பி, ஜாக்கெட் கை, ஜிமிக்கி, ஏன், கேக்கின் மேல் பிழிகிற பூகூட மெட்ராஸ்தான். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்போது நான் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கிறிஸ்தவ சபைப் பெண்கள் பாதிப் பேர் உடுத்தியது என் தையல். அவர்களே கல்யாணம் என்று வந்துவிட்டால் மெட்ராஸுக்கு பஸ் ஏறிவிடுவார்கள்.

அக்காவுக்குத் திருப்பதியில் மாப்பிள்ளை அமைந்ததும், கல்யாண உடுப்பை நான்தான் தைப்பேன் என்று சொல்லிவிட்டேன். சொந்த அக்காவுக்கே தைக்கவில்லையென்றால் வேறு எந்தக் கல்யாணப் பெண் என்னிடம் வருவாள்? ஆனால் எங்கள் வழக்கத்தில் உடுப்பு மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. மாப்பிள்ளையின் அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"உனக்கு எதுக்கும்மா செரமம்? மெட்ராசுல சொல்லிட்டோம். அங்க இருக்கற டிசைனு இங்க வருமா?"

நான் எங்கள் அப்பாவை, நைனாவைப் பார்த்தேன். அவர் காபி டம்ளரைப் பார்த்தார்.

"கம்முனு இரு. பொண்ணு குடுக்கற எடம்" என்றார், அவர்கள் போன பிறகு.

கம்மென்று இருப்பது எனக்கு வராது. உடுப்பு எடுக்க மெட்ராஸ் போனவர்களோடு நானும் ஒட்டிக்கொண்டேன். அப்படி என்னதான் வைத்திருக்கிறார்கள், பார்த்துவிடுவோமே! பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், அசந்து போனேன். வெள்ளையில் இத்தனை வெள்ளை உண்டு என்று அந்தக் கடையில்தான் தெரிந்துகொண்டேன். லேஸின் ஓரத்தை மடித்ததே தெரியாமல் மடித்திருந்தார்கள். அதை அங்கேயே கண்ணால் திருடிக்கொண்டேன், வெட்கமே படவில்லை.

ஆனால் நெட்டு? மணப்பெண் தலையில் கிரீடத்தோடு குத்திப் பின்னால் தொங்கவிடும் வலைத்துணியை நாங்கள் நெட்டு என்போம். அங்கே அது தரையில் ஒரு கட்டில் நீளத்துக்குக் கிடந்தது. கடைக்காரர் அக்காவை நிற்க வைத்துப் பார்த்தார், திரும்ப வைத்துப் பார்த்தார், நடக்க வைத்தும் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை.

"அத்தை, எங்க கோயில்ல பெஞ்சு கெடையாது. பொண்ணு மாப்ளகூட பாயிலதான் உக்காரணும். இவ்ளோ நீளம் வேணாம்" என்றேன்.

"போட்டோல நல்லா விழணும்மா" என்றார். சர்ச்சைத்தான் நாங்கள் கோயில் என்போம்; அவர்கள் திருப்பதியில் போகிற கோயிலில் பெஞ்சு உண்டு.

கல்யாணத்தன்று அக்கா நெட்டை இழுத்துக்கொண்டு நடந்து வந்தபோது சபையே "அடேயப்பா" என்றது. எனக்கும் அழுகை வந்தது, அவ்வளவு அழகாக இருந்தாள். போய் முன்பாயில் உட்கார்ந்தாள். நெட்டு பின்னால் விரிந்தது. பிரசங்கம் நீள நீள, நெருக்கியடித்துக்கொண்டு பின்பாய்ப் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தார்கள். போதகர் ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னபோது, நெட்டின் மேல் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. நான் இழுத்துப் பார்த்தேன். மடியில் தூங்கும் பிள்ளையோடு ஒரு அம்மாள் அழுத்தமாக உட்கார்ந்திருந்தார், அசைக்க முடியவில்லை.

ஆமென் சொன்னதும் அக்கா எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் கிரீடம், கொண்டை எல்லாம் பிடுங்கிக்கொண்டு வரும். தாலி கட்டுகிற நேரத்தில் தலைவிரிகோலமாக நிற்பாள்! ஆயுசுக்கும் பேசுவார்கள்.

கல்யாணத்துக்குப் போனால் ஊசியும் நூலும் கத்திரியும் என் பையில் இருக்கும். எந்தக் கல்யாணத்திலும் ஒரு கொக்கியாவது பிய்ந்துகொள்ளும். முழங்காலிலேயே நகர்ந்து போய், அக்காவின் இடுப்பு மட்டத்தில் கத்திரியை வைத்தேன்.

"இன்னாடி பண்றே?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அசையாத. ஜெபம் பண்ணு."

ஆமென் வருவதற்குள் வெட்டி முடித்தேன். அக்கா எழுந்தாள். கிரீடம் அசையவில்லை, நெட்டு இடுப்போடு நின்றது. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் திறந்தார். அந்த முகம் போன போக்கைப் பார்த்ததும் கத்திரியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சாப்பாட்டுப் பந்தலில் பெண்கள் மாப்பிள்ளையின் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சால பாகுந்தி, ரொம்ப நல்லாருக்கு அக்கா! நடக்கறப்ப நீளம், எழுந்தா குட்டை. வாலு மட்டும் கழண்டுக்குது! இது எந்த ஊரு டிசைனு?"

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் புடவையைச் சரிசெய்துகொண்டு, "மெட்ராசுல இப்ப இதான்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! மெட்ராஸுக்கு அந்தப் பேர் தகுமா என்று கேட்டால், பாதி தகும் என்பேன். அந்த லேஸ் மடிப்புக்கே தரலாம். மீதிப் பாதி நாமே கையில் இருப்பதைத் தூக்கிக் கொடுத்தது.

அடுத்த வாரமே அதே மாதிரி ஒரு நெட்டை பிரஸ் பட்டன் வைத்து, வால் தனியாகக் கழற்றுகிற மாதிரி தைத்து முன்னறையில் மாட்டினேன். "அந்த மெட்ராசு டிசைனு" என்று கேட்டு வந்தவர்களை, "அதுக்கு மெட்ராசு போங்க, இது சித்தூரு டிசைனு" என்று திருப்பி அனுப்பினேன். "திமிரைப் பாரு" என்று நைனா தலையில் அடித்துக்கொண்டார். பல மாதம் ஒரு கல்யாணத் துணியும் வரவில்லை. ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்தே காலத்தை ஓட்டினேன். பேரை மட்டும் விடுவதாக இல்லை.

ஒருநாள் மாப்பிள்ளையின் அம்மாவே சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். பையன் எங்கள் சபை; பையன் வீட்டார் உடுப்பைப் பெண்ணின் இஷ்டத்துக்கே விட்டுவிட்டார்களாம். கல்யாணமும் எங்கள் கோயிலில்தான்.

"மெட்ராசு பூரா கேட்டுப் பாத்துட்டேன். கழட்டற நெட்டு அங்க எந்தக் கடையிலயும் இல்லியாம்" என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

"எப்பிடி அத்தை இருக்கும்? எந்த ஊரு டிசைனுன்னு சொல்லுங்க, அளவெடுக்கறேன்."

அறையில் இன்னும் இரண்டு பெண்கள் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், என் கத்திரியைப் பார்த்தார்.

"சித்தூருதான்டி. நீ வெட்னதுதான். போதுமா?"

"போதும் அத்தை" என்றேன். பாயை விரித்து, அந்தக் கல்யாணப் பெண்ணை உட்காரச் சொன்னேன்.