படிக்கட்டுப் பாட்டில் வந்த கவுன்

எங்கள் தையல்கடை அக்கா எந்தத் துணிக்கும் கடைக்குள் வைத்து நிறம் சொல்லமாட்டார். வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். பிறகு என்னிடம் நீட்டி, "இது என்ன கலர், சொல்லு" என்பார். நான் சொன்ன பிறகுதான் நூல்கண்டில் கை வைப்பார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, காஜா எடுக்கவும் பட்டன் வைக்கவும் அங்கே சேர்ந்தவள் நான். இருபத்தாறு வருஷமாக என்னைச் சோதிக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

அக்காவின் நாத்தனார் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் சட்டையில் ஒரு கொக்கி போனாலும் பஸ் ஏறி வேறு கடைக்குப் போவார். உறவுக்காரர் வீடுகளில் பார்த்துக்கொண்டால் நடுவில் ஒரு குழந்தையை நிறுத்தி, "தண்ணி வேணுமான்னு உன் அத்தைகிட்ட கேளு" என்று பேசிக்கொள்வார்கள்.

காரணம் ஒரு கவுன். நான் சேருவதற்கு நாலு வருஷம் முந்தைய கதை. பழைய பாட்டுப் படம் ஒன்றில் கதாநாயகி படிக்கட்டில் ஆடிக்கொண்டே இறங்கிவருவாள். அவள் போட்டிருந்த கவுன் போலவே தன் கல்யாண வரவேற்புக்கு வேண்டும் என்று நாத்தனார் கேட்டார். அந்தச் சமயம் எங்கள் ஊர்த் தியேட்டரில் அந்தப் படத்தை மறுபடி ஓட்டினார்கள். அக்கா மூன்று தடவை போய்ச் சுருக்குகளை எண்ணிவந்தார். செங்கல் நிறத்தில் துணி எடுத்து, இழை பிசகாமல் தைத்தார்.

பிரித்துப் பார்த்த நாத்தனார், "அது பச்சை, அண்ணி. படம் வந்த புதுசுலயே நான் பாத்திருக்கேன். கடையில மிஞ்சின துணிய என் தலையில கட்டிட்டீங்க" என்றாராம். அன்றோடு பேச்சு நின்றது.

போன மாதம் அதே படத்தைச் செப்பனிட்டு, ஒரே ஒரு காட்சி போடுவதாகத் தியேட்டரில் எழுதி வைத்தார்கள். அக்கா கடையைப் பாதி நாள் மூடிவிட்டு என்னையும் அழைத்துப்போனார். வழியில் கண்ணாடியை மூன்று தடவை துடைத்தார்.

உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு பெரிய படம். கதாநாயகி படிக்கட்டில் நிற்கிறாள். நட்டநடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இடது பக்கம் முகம், சுவர், கவுன் எல்லாமே செங்கல் நிறம். வலது பக்கம் அதே கவுன் பச்சை. அதன் முன்னால் கைப்பையோடு நின்றவர் நாத்தனார்.

அக்கா வெகுநேரம் பார்த்தார். பிறகு கடையில் கேட்கும் அதே குரலில் என்னிடம், "இது என்ன கலர், சொல்லு" என்றார்.

"அந்தப் பக்கம் பச்சை. இந்தப் பக்கம் செங்கல், அக்கா."

டிக்கெட் கிழிக்கும் பெண் தானாகவே சொன்னாள்: "பழைய பிலிம்ல நாளாக நாளாக மத்த கலர் போயி சிவப்பு மட்டும் நிக்குமாம்மா. இப்பத்தான் சரிபண்ணியிருக்காங்க."

"அப்ப என் கண்ணுல கோளாறு இல்ல" என்றார் அக்கா.

நாத்தனார் திரும்பினார். "கண்ணுன்னு யாரு சொன்னா? துணியத்தானே சொன்னேன்."

"நான் ஏமாத்தலைன்னு எனக்குத் தெரியும். அப்ப கண்ணுதானே மிச்சம்? டாக்டர்கிட்ட இத சொல்லவும் பயம். தையக்காரிக்குக் கலர் தெரியலைன்னா யாரு துணி குடுப்பா?"

"முப்பது வருஷமா இத சொல்லாம, வாயில என்ன ஊசியா வெச்சிருந்தீங்க?"

"பாதி நேரம் ஊசிதான் இருந்துச்சு."

பழக்கதோஷத்தில் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். படிக்கட்டுப் பாட்டு வந்ததும் அக்கா என் மடிமேல் சாய்ந்து, "இருபத்திரண்டு சுருக்கு. சரியாத்தான் எண்ணியிருக்கேன்" என்றார்.

"இடுப்புல நீலப் பட்டை இருக்கே, அத வைக்கலியே நீங்க."

"எங்க?" அக்கா எழுந்தே விட்டார். சிவந்துபோன பழைய படத்தில் அந்தப் பட்டை கவுனோடு கவுனாக மறைந்திருக்கிறது.

"அம்மா, உக்காந்து பேசுங்க" என்றது பின்வரிசை. இடைவேளையில் நான் ஓரத்து இருக்கைக்கு மாறிக்கொண்டேன்.

இப்போது நாத்தனார் வீட்டுத் துணிகள் எங்கள் கடைக்கே வருகின்றன. அந்தக் கவுனையும் கொண்டுவந்தார், தூக்கிப் போடாமல்தான் வைத்திருந்திருக்கிறார். நீலப் பட்டை வைத்தாயிற்று, ஆனால் அவருக்கு இடுப்பில் ஏறவில்லை, அதனால் கடையிலேயே தொங்குகிறது. அக்கா துணியை வாசலுக்கு எடுத்துப்போவதை விடவில்லை. என்னிடம் கேட்பதில்லை, தானே பார்த்து நூல் எடுக்கிறார்.