மிதக்கிற மீன்களைத் தேடுகிறவள்

மல்லாந்து மிதக்கும் மீனின் அடியில் ஒடெட் லவாலி கைவலையை நுழைக்கிறாள். வெடுக்கென்று தூக்குவதில்லை. தூங்கும் பிள்ளையின் தலைக்கடியில் தலையணை வைக்கிறவள் மாதிரி அத்தனை மெதுவாக. படகுக்குள் வந்ததும் ஈரக் கையால் மீனின் கண்ணைப் பொத்துகிறாள். மறுகையால் செவுளுக்குப் பின்னால் ஒரு செதிளை விலக்கி ஊசியைச் செருகுகிறாள்.

"சின்ன எறும்புக்கடிதான். ஆச்சு, ஆச்சு. அவ்ளோதான்."

ஊசியோடு மீனைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தால் குமிழிகள் சரம் சரமாக மேலே வருகின்றன. அவை நின்றதும் ஊசியை உருவி, மீனின் தலையைக் கீழே காட்டி ஒரு தள்ளு. வாலை ஆட்டிக்கொண்டு அது இறங்கிப் போகிறது. வந்த சோறு கைநழுவிப் போன ஆத்திரத்தில் கடல்புறாக்கள் அவள் தலைக்கு மேல் கத்துகின்றன. "போங்கடி," என்கிறாள்.

ஆகஸ்ட் கடைசியில் சாம்ப்ளேன் ஏரியின் சிறுவாய் பாஸ் மீன்கள் கரையோரச் சூட்டை விட்டு ஆழத்துப் பாறைகளுக்குப் போய்விடும். அங்கிருந்து மளமளவென்று மேலே இழுத்தால் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை ஊதிவிடும். ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிப் போட்டியில் மீனை எடைபோடுவார்கள், கைதட்டுவார்கள், படம் எடுப்பார்கள், துறையிலேயே தண்ணீரில் விட்டுவிடுவார்கள். நல்லெண்ணத்தோடுதான். ஆனால் சில மீன்களால் கீழே இறங்க முடியாது. வெயிலில் வயிற்றைக் காட்டிக்கொண்டு அலைத்தடுப்புக் கற்கள் பக்கம் ஒதுங்கும். கூட்டம் கலைந்து எல்லோரும் பீர் குடிக்கக் கிளம்பிய பிறகு ஒடெட் தன் பழைய அலுமினியப் படகில் வருவாள். அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

"வந்துட்டாங்கப்பா நர்ஸம்மா!" என்று துறையிலிருந்து கத்துவான் மெர்ல். போட்டியில் மீன் எடைபோடுகிறவன். ஊரில் யாரையும் சும்மா விடாத வாய்.

"நான் நர்ஸ் இல்ல. ரத்தம் எடுக்கறவ."

"எனக்கும் வயிறு ஊதிக் கெடக்கு. ஒரு குத்து குத்திவிடேன்."

"உன் வயித்துக்கு என் ஊசி பத்தாது மெர்ல்."

துறையில் நாலு பேர் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பெரும்பாலான வாரங்களில் வேலைக்கு வெளியே அவள் யாருடனாவது பேசுவது இவ்வளவுதான்.

வேலையில் பேச்சுக்குக் குறைவில்லை. ஊர் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க யாராவது அவளிடம் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பயந்தவர்களிடம் மக்காச்சோள விளைச்சலைப் பற்றிக் கேட்பாள், நாயின் பெயரைக் கேட்பாள்; பதில் முடிவதற்குள் குழாய் நிறைந்திருக்கும். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பாதியில் நின்ற நாய்க் கதைகள் அவளிடம் ஏராளம்.

வீட்டில் வானிலை வானொலி ஓடிக்கொண்டே இருக்கும். இயந்திரக் குரல் ஒன்று காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லும். பாத்திரம் கழுவியபடி, "சரிப்பா, பாத்துப் போறேன்," என்பாள்.

சாயங்காலங்களில் தனியாகத் தூண்டில் போடப் போவாள். தீவுக்கு அப்பால், தண்ணீருக்கடியில் ஒரு பாறைமேடு இருக்கிறது. ஈயக்குண்டு அடியைத் தொடும்வரை நூலை விடுவாள். அதற்கு ஒரு சாண் மேலே ரப்பர் மீன்குஞ்சு தொங்கும். அதை ஆட்டமாட்டாள், ஏரி ஆட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவாள். பாஸ் கவ்வினால் கோல் வில்லாக வளையும். ஆழத்திலிருந்து வருவதை அவசரப்படுத்தாமல் நிறுத்தி நிறுத்தித்தான் மேலே கொண்டுவருவாள். கடைசி நிமிடம்தான் பாடு. ஒரு கையில் கோல், மறுகையில் வலை. மீனோ படகுக்கடியில் பாயும். நல்ல மீன்களை அவள் கோட்டைவிட்டதெல்லாம் அந்த இடத்தில்தான். பிடிபட்டால் மீனைப் படகின் தரையில் கிடத்தி, அளவு தெரியத் தன் காலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பாள். அவளுடைய கைபேசியில் பெரிய பெரிய மீன்கள் இருக்கின்றன. எந்தப் படத்திலும் அவள் முகம் இல்லை. இடது பூட்ஸ் இருக்கிறது.

முன்பு வலை பிடித்தவன் நோயல், அவள் கணவன். இப்போது பக்கத்து ஊரில், படகு இன்ஜின் பழுதுபார்க்கும் கடையின் மாடியில் இருக்கிறான். அடிதடி, கூச்சல் எதுவும் கிடையாது. ஒரு வசந்த காலத்தில் காலை உணவின்போது, "இந்த வீட்ல ரொம்ப அமைதியா இருக்கு ஒடெட்," என்றான். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் அவன் கோல்களை வண்டியில் ஏற்றினான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன்தான் ஜெயித்தான். அந்த மீனைப் பார்க்கத் துறையே முண்டியது. வெண்கல நிறத்தில், முதுகு அகன்ற கிழட்டுப் பெண் மீன். மெர்ல் எடையைக் கூவியபோது ஒரே விசில். நோயல் அதை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான். ஒடெட் தன் படகில் தள்ளி இருந்து பார்த்தாள்.

கூட்டம் போன பிறகு, அலைத்தடுப்புக் கற்களை ஒட்டி அதே மீன் ஒருக்களித்துக் கிடந்தது. ஊசி போட்டாள். குமிழி நிறையவே வந்தது. ஆனால் கையை எடுத்தால் மீன் சாய்ந்தது. செவுள் மட்டும் லேசாகத் திறந்து மூடியது. படகின் ஓரத்தில் மண்டியிட்டு, ஒரு கையால் தாடையையும் மறுகையால் வயிற்றையும் தாங்கி, செவுளுக்குள் தண்ணீர் ஓடும்படி அதை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். தெற்குக் காற்று ஏறிக்கொண்டே வந்தது. படகின் பின்பக்கம் கல்லில் ஒருமுறை இடித்தது. மோட்டாரைத் தொட வேண்டுமானால் மீனை விட வேண்டும். அவள் விடவில்லை. மறுபடியும் இடித்தது.

அப்போது பளபளவென்று ஒரு பெரிய படகு பக்கத்தில் வந்து இன்ஜினை நிறுத்தியது. நோயல் குனிந்து அவள் படகின் விளிம்பைப் பிடித்தான். அவன் படகின் முன்னால் இருந்த மின்மோட்டார் இரண்டு படகுகளையும் கற்களிலிருந்து மெல்ல விலக்கி நிறுத்தியது.

"அது என்னுதுதானே?" என்றான்.

"பேரு எழுதி விட்டியா அதுமேல?"

"பொழைக்குமா?"

"தெரியல. ஆழத்துலருந்து ஒரே மூச்சுல இழுத்திருக்க."

"போட்டியாச்சே."

"ம்."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். முடி கொட்டியிருந்தது. அவளுக்கு அது தெரியாது.

"தீவுக்கு அந்தப் பக்கம் போறியா இன்னும்?"

"போறேன்."

"தனியாவா? வலை யாரு புடிக்கறா?"

"நான்தான்."

"கஷ்டமாச்சே அது."

தண்ணீருக்குள் அவள் விரல்கள் மரத்துவிட்டன. இரண்டு படகும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. கரையில் யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை வந்தது. அவன் மீனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும்தான். பல வருஷம் இருவரும் இப்படித்தான் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கையில் ஒரு துடிப்பு. மீனின் முதுகு இறுகியது. தாடை அவள் கட்டைவிரலைக் கவ்வியது. அவள் பிடியைத் தளர்த்தினாள். வால் ஒரே அடி அடிக்க, இருவர் முகத்திலும் தண்ணீர் தெறித்தது. வெண்கல நிறம் பச்சையாகி, கறுத்து, காணாமல் போனது.

"போயிட்டா!" என்று கத்தினான் நோயல், சின்னப் பையன் மாதிரி. "பாத்தியா, போயிட்டா!"

ஒடெட் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. துறையில் விளக்கு போட்டிருந்தார்கள். அவனுடைய கூட்டாளி அங்கிருந்து கையசைத்துக் கூப்பிட்டான்; பரிசுக் கோப்பையோடு படம் எடுக்க வேண்டுமாம். நோயல் அவனுக்குத் தலையாட்டினான். கை இன்னும் அவள் படகின் விளிம்பில் இருந்தது.

"விடட்டுமா?" என்றான்.

ஒடெட் ஏரியைப் பார்த்தாள். கற்களுக்கு அப்பால் வெறும் தண்ணீர். சிற்றலைகள், மங்கும் வெளிச்சம், வேறொன்றும் இல்லை.

"கொஞ்சம் இரு," என்று அங்கே கையைக் காட்டினாள். "இன்னும் ஒண்ணு மிதக்குது."

நோயல் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையைக் கண்ணுக்கு மேல் வைத்து, அவள் காட்டிய பக்கம் தேட ஆரம்பித்தான்.