கால் சூப்

பயிற்சி டயட்டீஷியனாக வீணா அந்த மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாளே, தலைமை டயட்டீஷியன் ஜெயலக்ஷ்மி வீடு எங்கே என்று கேட்டார். ஒக்கலிபுரம், அப்பா ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் இறக்குகிறார் என்றாள் வீணா.

"இங்க வர்ற பேஷன்ட்ஸ் எல்லாம் பெரிய இடம். வாயைப் பாத்துத் திற" என்றார் ஜெயலக்ஷ்மி. அதற்குப் பிறகு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. "ஏய், இன்டர்ன்" என்பதோடு சரி.

நரம்பியல் வார்டில் சின்னப்பா என்ற நோயாளி படுத்திருந்தார். சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருந்தவர். பக்கவாதத்தில் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, விழுங்குவதும் சரியாக வரவில்லை. தண்ணீர்போல எதைக் கொடுத்தாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், கூழ் பதத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று பரிசோதித்தவர்கள் சொல்லியிருந்தார்கள். கெட்டியான ராகிக் கூழைத் தினமும் கரண்டியால் ஊட்டிவிடுவது வீணாவின் வேலை. அவருக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. பாதியை அவள் வெள்ளைக் கோட்டின் மேலேயே துப்புவார். அவள் துடைத்துவிட்டு மறுபடி கரண்டியை நீட்டுவாள். நல்லெண்ணத்தால் அல்ல. அவளுக்கும் உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு மத்தியானம் அவர் மகள் பவுலின், ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார். கப்பில் ஊற்றி அப்பாவின் உதட்டருகே கொண்டுபோகும்போது வீணா உள்ளே நுழைந்தாள்.

"மேடம், அது வேணாம். தண்ணியா இருக்கு, நெஞ்சுக்குள்ள போயிடும்."

"சூப்புதான்மா. மெல்லவே வேணாம். உங்க கூழைத் தின்னு எங்கப்பா எலும்பாயிட்டார்."

"அதான் ஆபத்தே. கெட்டியா இருந்தாதான்..."

பவுலின் காதில் வாங்காமல் கப்பைச் சாய்க்க, வீணா அதைப் பிடுங்கினாள். சூப் போர்வையெல்லாம் கொட்டியது. பவுலின் அவள் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தார். சின்னப்பா கோணிய வாயோடு ஏதோ கத்தினார். அதுவும் வீணாவைத்தான்.

புகார் மாலைக்குள் ஜெயலக்ஷ்மியிடம் போய்விட்டது.

"போய் சாரி கேளு."

"கப்பைப் பிடுங்கினதுக்குக் கேக்கறேன் மேடம். சூப் வேணாம்னதுக்குக் கேக்கமாட்டேன். சொன்னது சரிதானே?"

"சரியா தப்பான்னு நான் கேட்டேனா? ஃபேமிலியை சமாளிக்கத் தெரியலன்னா உனக்கு வார்டு எதுக்கு? நாளையிலிருந்து கிச்சன்."

சமையற்கூடத்துக்கும் சேதி முன்னாலேயே போயிருந்தது. தலைமைச் சமையல்காரர் நாணு, "மேடத்தையே எதிர்த்துப் பேசினவளா நீ? இங்க அதெல்லாம் நடக்காது, கொத்தா? தெரிஞ்சுதா?" என்று கன்னடம் கலந்து வரவேற்றார். உப்பில்லாத சாம்பாரையும் சாதாரண சாம்பாரையும் தட்டில் மாற்றி வைத்துவிடாமல் பார்ப்பதற்காக, அனல் வீசும் அடுப்புகளுக்கு நடுவே நாள் முழுக்க அவளை நிற்க வைத்தார். அவள் உட்கார்ந்த ஸ்டூலையும் எடுத்துப் போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் சமையற்கூட வாசலில் பவுலின் வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது. வீணா போன பிறகு, யாரும் இல்லாத நேரத்தில் அவர் மறுபடி சூப் கொடுத்திருக்கிறார். சின்னப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, ஐசியுவில் சேர்த்துவிட்டார்கள்.

"நீ ஏன் இன்னும் சத்தமா சொல்லல?" என்று பவுலின் கத்தினார். "ஒரு தடவை சொல்லிட்டுப் போயிட்டே! நீ அங்கயே நின்னிருக்கணும்ல?"

வீணாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நீங்கதானே என்னை வார்டுல இருந்தே துரத்தினீங்க?"

"ஆமா, துரத்தினேன். இப்ப என்னாங்கறே?"

பாத்திரம் கழுவுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பவுலின் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். குரல் மட்டும் இறங்கவே இல்லை.

"மூக்குல ட்யூப் போட்டு என்னமோ ஊத்தறாங்க. என்னா அது? கேட்டா எவனும் நின்னு பதில் சொல்ல மாட்டேங்கறான்."

வீணா சொன்னாள். பாலில் என்ன கலக்கிறார்கள், ஏன் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறார்கள், அந்த நேரத்தில் தலையணையை ஏன் உயர்த்தி வைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கடுகடுவென்று சொன்னாள். பவுலினும் கடுகடுவென்றே கேட்டுக்கொண்டார். நன்றி, மன்னிப்பு எதுவும் சொல்லாமல் திரும்பிப் போனார்.

சின்னப்பா பிழைத்தார். ட்யூபோடு வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். வீணா எந்த வார்டுக்கும் திரும்பவில்லை. பயிற்சிக் காலம் முழுக்கச் சமையற்கூடத்திலேயே கழிந்தது. கடைசி நாளில் ஜெயலக்ஷ்மி, "உனக்கு ஒத்துப்போகத் தெரியாது. எங்கே போனாலும் கஷ்டப்படுவே" என்றார்.

"பரவாயில்ல மேடம்" என்றாள் வீணா. கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போனாள். தேர்வில் தேறி, இப்போது வேறொரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அங்கேயும் நோயாளிகளின் வீட்டாருக்கு அவளைப் பிடிப்பதில்லை. படுக்கைப் பக்கத்திலிருந்து நகரமாட்டேன் என்கிறாள், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள் என்று புகார் வருகிறது.