ஒன்றாம் வகுப்பில் பரவிய தெலுங்கு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மே மாதக் கடைசியில், சோமனூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தொடங்கிய கதை இது. மகளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. ஒன்றாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி என்பதில் வீட்டில் ஆளுக்கொரு யோசனை.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. முன்னோர்கள் எப்போது இந்தப் பக்கம் வந்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கடைத்தெருவில் தமிழ், வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் தெலுங்கு. கோவைப் பக்கம் இப்படி ஏகப்பட்ட குடும்பங்கள் உண்டு. படிப்பவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று எங்கள் வீட்டுப் பேச்சையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

அப்பாவும் அம்மாவும் விசைத்தறி ஓட்டியவர்கள். அப்பா இப்போது இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பாலிடெக்னிக் முடித்து, கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு பம்ப் செட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மனைவிக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பகலில் மகளைப் பார்த்துக்கொள்வது அம்மாதான். எந்தப் பள்ளியானாலும் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் அவர் என்பதால், அவர் சம்மதிக்காமல் ஒன்றும் நடக்காது.

ஊருக்குள் இருந்தது அரசு தொடக்கப்பள்ளி. நான் படித்த அதே பள்ளிதான், ஆனால் முகம் மாறிவிட்டது. மில்லுக்கும் தறிக்கும் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார், அசாம் குடும்பங்களின் பிள்ளைகள்தான் அங்கே பாதிக்கு மேல். இன்னொன்று மெயின் ரோட்டில் இருந்த தனியார் பள்ளி. சொந்தக்காரர் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். வேன் வீட்டு முன்னாலேயே வந்து நிற்கும்.

அம்மாவுக்குத் துளியும் சந்தேகமில்லை. "நான் தறில நின்னு கால் வீங்குனது உன்னையப் படிக்க வெக்கத்தான் கண்ணு. நீ என்னடான்னா உம்புள்ளைய வடக்கத்திக்காரப் புள்ளைக கூட உக்கார வெக்கோணும்ங்கிற!" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "அதுகளுக்கும் தமிழ் வராது, அதுக கூடச் சேந்தா இவளுக்கும் வராது" என்று முடித்தும் விட்டார்.

மனைவி நடுவில் நின்றாள். "ரெண்டையும் போய்ப் பாக்கலாமுங்க. பாக்காம எதுக்கு வீட்ல உக்காந்து சண்டை போட்டுக்கிட்டு" என்றாள்.

தனியார் பள்ளியை முதலில் பார்த்தோம். நல்ல பள்ளி, குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் எழுந்து நின்று ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். பெயர் போட வந்த பெற்றோரில் பாதிப் பேரை அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. "எல்லாம் நம்ம சனம்" என்று என் காதில் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

எனக்கு நிம்மதி வராததற்குக் காரணம் அந்த ஒரு வார்த்தைதான். நம்ம சனம் மட்டும் இருக்கும் தெருவிலேயே வளர்ந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் லைனில் தமிழர்கள் குறைவு. வெளி மாநிலத்துக்காரர்களிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றே தெரியாமல் டிபன் பாக்ஸோடு தனியாகப் போய் உட்காருவேன். மெஷினைப் பழகிவிட்டேன், மனிதர்களைப் பழகத்தான் வருடக்கணக்கானது. பாலிடெக்னிக்கில் அதற்குப் பாடம் இல்லை. என் மகளுக்கு அது ஆறு வயதிலேயே வந்துவிட்டால் எவ்வளவு நல்லது என்று தோன்றியது.

அடுத்த நாள் அரசுப் பள்ளிக்குப் போனோம். தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் மில் வேலைக்கார அம்மா ஒருவர், மகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பார்த்தாலே வெளி மாநிலம் என்று தெரிந்தது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவருக்குப் புரியக்கூடாது என்றால் சட்டென்று தெலுங்குக்குத் தாவிவிடுவோம். பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் இது பெரிய வசதி. அம்மாவும் அன்றைக்கு அதைத்தான் செய்தார். குரலைக்கூடத் தணிக்காமல் தெலுங்கில், "பாத்தியா கண்ணு, எல்லாம் ஹிந்திக்காரப் புள்ளைக. பேன் புடிச்ச தலையோட வந்து நம்ம புள்ள பக்கத்துல உக்காரும்" என்றார்.

அந்த அம்மா மகளின் தலையைத் தடவிக்கொண்டே, அழகான தெலுங்கில் பதில் சொன்னார்: "பேன் இல்லைங்கம்மா. இப்பத்தான் எண்ணெய் வெச்சுச் சீவினேன்."

எங்கள் மூவருக்கும் எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. ஒடிசாவில் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊராம். வீட்டில் ஒடியா, சந்தைக்குப் போனால் தெலுங்கு. இந்த ஊருக்கு வந்து தெலுங்கு கேட்டதே சந்தோஷம் என்றார். அம்மாவைப் பார்த்து, "ஆனா நீங்க பேசறதுல பாதி தமிழா இருக்குதே!" என்று சிரித்தார். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதுதான் சுத்தத் தெலுங்கு" என்று ஆரம்பித்தவர், எங்களை உள்ளே கூப்பிடும் வரை அந்த அம்மாவோடு பேசிக்கொண்டே இருந்தார். அதற்குள் இரண்டு பிள்ளைகளும் வேப்பமரத்தடியில் விளையாடப் போய்விட்டன.

தலைமை ஆசிரியையிடம் நான் மறைக்காமல் கேட்டேன். பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழே தெரியாத வகுப்பில் என் மகளின் படிப்பு பின்தங்கிப்போகாதா?

"பொய் சொல்ல மாட்டேனுங்க தம்பி. மொதல் கொஞ்ச மாசம் மெதுவாத்தான் போகும். வேகம்தான் வேணும்னா இது உங்களுக்குச் சரியா வராது" என்றார். "ஆனா எங்க புள்ளைக யாரைப் பாத்தும் ஒதுங்காதுங்க."

அந்த நேர்மை மனைவிக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மா தண்ணீர் குடித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: "அரைப் பரிச்சை வரைக்கும் பாப்பேன். புள்ள படிப்புல ஏதாவது கோளாறு தெரிஞ்சுது, அன்னைக்கே அந்த ஸ்கூலுக்கு மாத்திப்போடுவேன். அப்பறம் யாரும் பேசக்கூடாது."

நாங்கள் ஒப்புக்கொண்டோம். ஆனால் எனக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. அம்மா இவ்வளவு இறங்கி வந்ததே அந்த ஒடிசா அம்மா தெலுங்கு பேசியதால்தான். தெலுங்கு தெரியாத ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன சொல்வார்?

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. மகளும் அந்த ஒடிசா அம்மாவின் பெண்ணும் தெலுங்கிலேயே பேசி ஒட்டிக்கொண்டார்கள். படிப்பு ஆசிரியை சொன்ன மாதிரியே மெதுவாகத்தான் போனது. ஒரு கல்யாண வீட்டில் தனியார் பள்ளியில் படிக்கும் உறவுக்காரப் பிள்ளை ஆங்கிலப் பாட்டு ஒன்றை மூச்சு விடாமல் ஒப்பித்தபோது, அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அன்று இரண்டாம் முறை பாயசம் கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

தீபாவளி முடிந்து, அரைப் பரீட்சை நெருங்கும் சமயம். தலைமை ஆசிரியை போன் செய்தார். "பாப்பா விசயமா நேர்ல பேசணுமுங்க. பெரியம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பெரியம்மா என்று அவர் சொல்வது என் அம்மாவை.

அம்மா உடனே கிளம்பினார். பீரோவைத் திறந்து நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். தனியார் பள்ளியில் வருட நடுவில் சேர்ப்பார்களா என்று விசாரிக்கும்படி வழியில் என் மனைவியிடம் சொன்னார். என் ஆசைக்காக மகளின் படிப்பைக் கெடுத்துவிட்டேனா?

ஆசிரியை எங்களை உட்காரச் சொல்லவில்லை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "சத்தம் போடாம வாங்க" என்று மைதானத்துப் பக்கம் கூட்டிப்போனார். மதியச் சாப்பாட்டு இடைவேளை. வேப்பமரத்தடியில் கட்டம் போட்டுப் பிள்ளைகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒரு சிறுமி நொண்டியடித்தபடி எண்ணினாள்.

"ஒகட்டி... ரெண்டு... மூடு... நாலுகு..."

சுற்றி நின்ற அத்தனை பிள்ளைகளும் கூடவே தெலுங்கில் எண்ணினார்கள். அதில் வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகளும் இருந்தார்கள்!

"அந்தப் புள்ள பீகாருங்க. தீபாவளி லீவு முடிஞ்சு வந்து சேந்துச்சு" என்றார் ஆசிரியை. "நான் ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லிக் குடுத்தா அது மூடு, நாலுகுன்னு முடிக்குது. தண்ணி கேக்கறதும் தெலுங்கு, ஒண்ணுக்குப் போறதும் தெலுங்கு. எல்லாம் உங்க பாப்பா பண்ணுன வேலைங்க!"

நடந்தது இதுதான். அந்தப் பீகார்ப் பெண் வந்த நாளிலிருந்து வகுப்புக்கே வராமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். தமிழும் புரியவில்லை, ஹிந்தி பேசும் பிள்ளைகள் உட்பட யார் சமாதானமும் எடுபடவில்லை. என் மகளுக்கோ அவளுடைய ஒடிசாச் சிநேகிதியைப் பார்த்து ஒரு முடிவு மனதில் பதிந்திருந்தது: ரயிலில் வந்தவர்கள் எல்லோரும் தெலுங்கு பேசுவார்கள்! அதனால் அவளே கேட்டுக்குப் போய், கையைப் பிடித்துத் தெலுங்கில் பேச ஆரம்பித்திருக்கிறாள். தினமும் போய்ப் பேசினாள். ஒடிசாப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். இந்த ஊர் பாஷை இதுதான் போலிருக்கிறது என்று நினைத்து அந்தப் பெண்ணும் கருத்தாகக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"அழுகை நின்னு போச்சுங்க. இப்ப மொத ஆளா வந்து நிக்குது" என்ற ஆசிரியை அதற்கு மேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "இதுல என்ன கூத்துன்னா, புள்ளகிட்டக் கேட்டு அவங்கம்மாவும் கடைல போயி 'பாலு காவாலி'ன்னு பால் கேட்டிருக்காங்க. கடைக்காரரும் உங்க ஆளுகதானுங்களே, தெலுங்குலயே பதில் சொல்லிப்போட்டாராம். அம்மாவும் புள்ளையும் தமிழ் வந்துருச்சுன்னு குஷியா இருக்காங்க. நான் எப்படிங்க போயி இல்லைன்னு சொல்றது?"

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நேராக மரத்தடிக்குப் போனார். எனக்குப் பயம்தான். அந்தப் பெண்ணின் முன்னால் குனிந்து, "அன்னம் தின்னாவா?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று அர்த்தம்.

"தின்னானு, அவ்வா" என்றாள் அவள். சாப்பிட்டேன் பாட்டி. எங்கள் வீட்டில் சொல்லும் அதே இழுப்போடு.

அம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். பேன் இருக்கிறதா என்று தலையை உற்றுப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

திரும்பி வந்ததும் ஆசிரியை, "பெரியம்மா, பாப்பாகிட்டச் சொல்லி இனி அந்தப் புள்ளகிட்டத் தமிழ்ல பேசச் சொல்லுங்க. அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன்" என்றார்.

அம்மா நிமிர்ந்து நின்ற அந்த நிற்பை நான் மறக்கவே மாட்டேன். "ஏனுங் டீச்சர், தமிழ் சொல்லிக் குடுக்கறது உங்க வேலைங்க. அதுக்குத்தான நீங்க இருக்கறீங்க? அழுதுக்கிட்டு நின்ன புள்ளைய உள்ள கூட்டியாறது ஒருத்தராலயும் முடியல. எங்க புள்ள அதைச் செஞ்சுபோட்டாளுங்க!"

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "இருந்தாலும் தமிழும் பேசட்டும். நான் சொல்றேன்" என்று என்னிடம் சொன்னார். விட்டுக்கொடுத்ததை டீச்சர் காதில் விழாமல் சொல்ல வேண்டும் என்பதில் கவனமாக இருந்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. ரேஷன் கடை வரிசையில், கோயிலில், போனில் சொந்தக்காரரிடம் என்று அம்மா சொல்லச் சொல்லக் கதை பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே என் மகள் தெலுங்கு வாத்தியார் ஆகிவிட்டாள்.

அரைப் பரீட்சை முடிந்த அன்று மனைவி வேண்டுமென்றே சீண்டினாள். "ஏனுங் அத்தை, கெடு முடிஞ்சுதுங்களே. அந்த ஸ்கூலுக்கு எப்பங்க போறது?"

"எந்த ஸ்கூலுக்கு? எதுக்கு?" என்றார் அம்மா, ஒன்றும் தெரியாதவர் போல. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது மகள் இரண்டாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். தமிழை எழுத்துக் கூட்டாமலே வாசிக்கிறாள். பீகார்ப் பெண்ணோ எங்களைவிட நன்றாக 'ஏனுங்க, சொல்லுங்க' என்று பேசுகிறாள்.

பள்ளி தேடிய அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்: நம் பிள்ளை பக்கத்தில் எந்த மாதிரிப் பிள்ளை வந்து உட்காரும்? எங்கிருந்தோ ரயிலேறி வந்து, மொழி தெரியாத ஊரில், மகளை அந்தக் கேட்டில் விட்டுப் போன தாயும் இதே கேள்வியைத்தானே கேட்டிருப்பார்? அவர் மகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது என் மகள் என்பதை எப்போது நினைத்தாலும், படித்து நான் வாங்கிய எந்தச் சான்றிதழும் தராத ஒரு பெருமையில் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.