முதல் வரிசைக் குடைகள்

ஃபெர்மினுக்குக் கடற்கரைக் குடைகளைக் கண்டாலே குமட்டும். ஓய்வு பெறும்வரை நகராட்சியில் மணல் சலிக்கும் டிராக்டர் ஓட்டியவர். விடியும் முன்பே கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மணலைக் கிளறி, அதற்குள் புதைந்திருப்பதையெல்லாம் வெளியே எடுப்பது அவர் வேலை. ஈரத்தாள், சிகரெட் துண்டு, தர்பூசணித் தோல், டயப்பர், ஒருமுறை ஒரு பல்செட்.

"மனுஷன் படுத்து எந்திரிச்ச இடத்துல என்ன கிடக்கும்னு எனக்குத் தெரியும். நாய் படுத்த இடம் அதைவிடச் சுத்தம்" என்று சாப்பாட்டு மேசையிலேயே சொல்வார். அவர் மனைவி எர்மினியா மத்தித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அப்ப இது உனக்கு வேண்டாம்ல?" என்பாள்.

அவர்கள் எனக்கு எதிர்வீடு. எர்மினியா நவம்பரில் இறந்துபோனாள். அவளை நினைக்கும்போதெல்லாம் போன ஆகஸ்டின் ஒரு வாரம்தான் முன்னால் வருகிறது. அதோடு ஒட்டிக்கொண்டு அந்தக் கரையின் அருவருப்பும் வருகிறது.

ஆகஸ்டில், காலை வேலைகளை முடித்த பிறகு, எங்கள் தெருப் பெண்கள் கடலில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் வட்டமாக நின்று பேசுவோம். நீந்துவதில்லை, தலைமுடியும் நனையாது. யார் மருமகள் யாரோடு பேசுவதில்லை, எந்தக் கடையில் தக்காளி அழுகல் என்று, அரிசியை அடுப்பில் போடும் நேரம் வரை பேச்சு ஓடும். அந்த வட்டத்தில் அதிகம் சிரிக்க வைத்தவள் எர்மினியா. போன வருடம் அவளுக்கு இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது, இதயமும் பலவீனம். "தண்ணிக்குள்ள நிக்கும்போது மட்டும்தான்டி எனக்கு வலிக்கல" என்றாள். "அடுத்த கோடை எனக்கு உண்டோ இல்லையோ, இந்த ஆகஸ்டை விட மாட்டேன்."

ஆனால் கோலூன்றி நடக்கிற அவளுக்குத் தண்ணீருக்குப் போக வழி இருக்கவில்லை. டிராக்டர் போன தடம் ஆறுவதற்குள், ஓய்வுபெற்ற கிழவர்கள் கூட்டமாக இறங்கி, அலை நனைக்கும் விளிம்பில் குடையோடு குடை முட்ட நட்டுவிடுவார்கள். காற்றில் பறக்காதபடி நாற்காலிகளைக் கயிற்றால் கோத்துவிட்டு, ரொட்டி தின்னவும் மறுபடி தூங்கவும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறும்போது பார்த்தால் கரை நெடுக ஒரு சுவர். அதில் ஆளே இருக்காது. நாங்கள் குடைகளுக்கு அடியில் குனிந்து நுழைந்துவிடுவோம்.

திங்கட்கிழமை நாங்கள் தண்ணீரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எர்மினியா ஊன்றுகோலோடு வந்தாள், ஃபெர்மின் கையைப் பிடித்திருந்தார். ஒரு குடைக்குக் கீழே அவள் குனிந்தபோது கோல் கயிற்றில் சிக்கியது. அவர் தாங்கியிராவிட்டால் முகம் குப்புற விழுந்திருப்பாள். காலி நாற்காலியில் யாருடைய ஈரக் காற்சட்டையோ மணலும் முடியும் ஒட்டிக் கிடந்தது. அவள் நாற்காலியை அந்தக் காற்சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கையைப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஃபெர்மின் காப்பிக்கடையில் லியோன்சியோவைப் பிடித்தார். லியோன்சியோ மத்ரித்தில் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். தனக்கும் மகனுக்கும் மருமகனுக்கும் சேர்த்துக் குடை நடுகிற ஆள். அவர்கள் இருவரும் வெயில் ஏறாமல் எழுவதே இல்லை.

"அடடே, டிராக்டர் ராஜா! என்ன இந்தப் பக்கம்?"

"ஒரு ஆள் நடக்குற அளவுக்கு வழி விடுய்யா. என் வீட்டுக்காரி கோலூன்றி வர்றா."

"வழி வேணும்னா நீயும் விடியகாலைல வந்து குடைய நடு. கடல் எல்லாருக்கும் பொது."

"பொதுன்னா நீ எதுக்குக் கயிறு கட்டுற?"

"காத்துய்யா, காத்து! என் குடை எத்தனைய பிடுங்கி டிராக்டர்ல எறிஞ்ச? இப்ப நீ வந்து வழி கேக்குற!" லியோன்சியோ சிரித்தார். ரொட்டியில் ஊற்றிய ஆலிவ் எண்ணெய் தாடையில் வழிந்து, திறந்த சட்டைக்குள் வெள்ளை மயிரில் இறங்கியது. பக்கத்து மேசையில் இருந்த என்னால் காப்பியைக் குடிக்க முடியவில்லை.

அடுத்த இரண்டு நாளும் எர்மினியா மாடி முகப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். நாங்கள் தண்ணீரில் நின்று கையசைத்தோம். அவளும் அசைத்தாள். எங்கள் இடுப்பைச் சுற்றி சன்ஸ்க்ரீன் எண்ணெய்ப் படலமாக மிதந்தது. பேச்சு ஓடவில்லை.

வியாழன் மாலை அவர்கள் வீட்டில் முலாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தோம். ஃபெர்மின் திடீரென்று, "என்னால முடியாது. அந்தக் குடைக் கூட்டத்துல நானும் ஒருத்தனா நிக்கணுமா?" என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றாள் எர்மினியா.

"கேக்காமலே பாக்குறியே."

வெள்ளிக்கிழமை விடியலில் அவர் குடையைத் தூக்கிக்கொண்டு போய், டிராக்டர் வரும் முன்பே நட்டுவிட்டார். டிராக்டரை இப்போது ஓட்டுவது நிக்கானோர், அவரோடு பல வருடம் வேலை செய்தவர். சலித்து முடிவதற்குள் நட்ட குடைகளைப் பிடுங்கிப் பின்வண்டியில் எறிய வேண்டும். அந்த வழக்கத்தை நிக்கானோருக்குக் கற்றுக்கொடுத்ததே ஃபெர்மின்தான். நிக்கானோர் வண்டியை மெதுவாக்கி, ஃபெர்மினைப் பார்த்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, குடையைச் சுற்றி ஓட்டிப் போனார். "அவன் பிடுங்கி எறிஞ்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்" என்று ஃபெர்மின் பிறகு என்னிடம் சொன்னார்.

வெயில் ஏறியதும் எர்மினியா வந்தாள். முதல் வரிசையில் தங்கள் குடை, அடியில் மூன்று நாற்காலிகள். அவருக்கும் அவளுக்கும் இரண்டு. மூன்றாவது, பக்கத்துக் குடை நகர்ந்து வராமலிருக்க. எர்மினியா உட்காரவில்லை. பின்னால் இன்னொரு கிழவி, கையில் நடைச்சட்டம், பேத்தியின் தோளைப் பிடித்தபடி அவர்கள் குடைக்கு அந்தப் பக்கம் நின்று வழி தேடிக்கொண்டிருந்தாள்.

"யோவ் ஃபெர்மின்."

"என்ன? இடம் பிடிச்சாச்சுல்ல, போய் இறங்கு."

"அந்த அம்மா எப்படிப் போவா?"

"எனக்கென்ன தெரியும்! அவ புருஷன் வந்து நடட்டும்."

"த்தூ" என்றாள். "லியோன்சியோ வாயில பேசாத. குடைய எடு."

"எடுத்தா அடுத்த நிமிஷம் எவனாவது வந்து நட்டுருவான்டி!"

"நட வர்றவன்கிட்ட நீ பேசு. உனக்கா பேசத் தெரியாது?"

அவர் குடையைப் பிடுங்கினார், நாற்காலிகளை மடக்கினார். சுவரில் ஒரு இடைவெளி விழுந்தது. எர்மினியா அதன் வழியே நடந்தாள், பின்னால் நடைச்சட்டக்காரி. தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் எர்மினியா கோலை என்னிடம் நீட்டினாள். பிறகு இடுப்பளவுக்கு வந்து நின்று, கண்ணை மூடி, "அப்பாடி" என்றாள். நாங்கள் நகர்ந்து வட்டத்தில் அவளுக்கு இடம் விட்டோம்.

கரையில் லியோன்சியோவின் மருமகன் தூக்கக் கண்ணோடு ஒரு ஐஸ் பெட்டியை இழுத்து வந்து இடைவெளியில் வைத்தான்.

"தூக்கு" என்றார் ஃபெர்மின்.

"இங்க யாரும் இல்லையே."

"இது வழி."

"யாரு வழி? நகராட்சி வழியா?"

"என் பொண்டாட்டி வழி. பெட்டிய எடுக்கறியா, நான் கடல்ல போடவா?"

"தலைவரே, குடைய மடக்கிட்டு நீயே குடையா நிக்கப் போறியா?" என்று தன் நிழலிலிருந்து லியோன்சியோ கத்தினார். சுற்றி இருந்தவர்கள் எண்ணெய் மின்னும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மருமகன் பெட்டியை எடுத்துக்கொண்டான்.

ஃபெர்மின் அங்கேயே நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, தலையில் துணிகூட இல்லாமல், அழுகின மீனை முகர்ந்த முகத்தோடு. சனியும் ஞாயிறும் அதேபோல விடியலில் குடையை நட்டார், அவள் வந்ததும் பிடுங்கினார், நடுவெயிலில் நின்றார். இடது பக்கத்துக்காரனையும் வலது பக்கத்துக்காரனையும் மாறி மாறித் திட்டினார். அந்த வழியில் போன குழந்தைகள் அவர் காலில் மணலை வாரி இறைத்தன, அவற்றையும் திட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் எர்மினியா பழையபடி சிரிக்க வைத்தாள். வீட்டில் அரிசி போட வேண்டும் என்று ஒவ்வொருத்தியாகக் கிளம்பினோம். அவள் கிளம்பவில்லை. கரையில் மூக்கு சிவந்து உரிந்து நின்ற மனிதரைப் பார்த்து, "ஃபெர்மின், இன்னும் கொஞ்ச நேரம்!" என்று கத்தினாள்.

"உன்னை யாரு அவசரப்படுத்துனா!" என்று அவரும் கத்தினார். அவள் மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.