ஞாயிறு காலைக் காட்சியில் பெண் பார்த்த கதை

டில்லியில் மெட்ரோ ரயில் வளைந்து திரும்பும் இடத்தில் அந்தத் தியேட்டர் இருந்தது. போன மாதம் ரயிலில் போகும்போது பார்த்தால், சுற்றிலும் தகரம் அடித்து, உள்ளே வெறும் மண். பார்க்கிங் கட்டப்போகிறார்களாம். கட்டட்டும். பக்கத்து சீட் பெண்மணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் அங்கே வாரம் முழுக்க இந்திப் படம், ஞாயிறு காலை மட்டும் தமிழ்ப் படம். டில்லித் தமிழர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். படம் ஒரு சாக்கு. ஊர்க்கதை பேச, மாற்றல் விசாரிக்க, முக்கியமாகப் பெண் பார்க்க! லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இரண்டே அறை. மாப்பிள்ளை வீட்டாரை எங்கே உட்கார வைப்பது? அதனால் இடைவேளையில், சமோசா விற்கும் இடத்தருகே, இரண்டு குடும்பமும் "அடடே, நீங்களா!" என்று தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும்.

அதற்கு முன் மூன்று பேர் என்னை அப்படிப் பார்த்திருந்தார்கள். மூவரும் ஜவுளிக்கடையில் துணி பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, கடிதம் போடுவதாகச் சொல்லிப் போனவர்கள். நாலாவது ஆளும் அப்படிப் பார்த்தால் கல்யாணமே வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அப்பாவோ, "இதுவும் அமையலன்னா உன்னையத் திருநெல்வேலிக்கு அனுப்பிருவேன்ட்டி" என்று மிரட்டியிருந்தார். எனக்கு அப்போதுதான் ஆபீஸில் வேலை நிரந்தரமாகியிருந்தது.

படம் தொடங்கிய அரை மணியில் கதாநாயகன் செத்துப்போனான். கொள்ளியும் வைத்தாயிற்று. அடுத்த நிமிடம் வயல் வரப்பில் டூயட் பாடிக்கொண்டு வருகிறான்! தியேட்டரே கூச்சல் போட்டது. ரீல் டப்பாக்களில் எண் அழிந்து, தமிழில் பென்சிலால் எழுதியிருந்ததாம். இந்திக்கார ஆபரேட்டர் கைக்கு வந்ததை மாட்டிவிட்டார். முன்வரிசையில் ஒரு நெட்டை ஆள் எழுந்து, "பையா, ரோக்கோ! ஜல்தி!" என்று படத்தை நிறுத்தச் சொல்லி இந்தியில் கத்திக்கொண்டே மாடிக்கு ஓடினார்.

அவர்தான் மாப்பிள்ளை. இடைவேளையில் அவருடைய அம்மா மட்டும் வந்து நெளிந்தார். "இவன் சித்தப்பா எங்க ஊர் டாக்கீஸ்ல ஆபரேட்டருங்க. இப்போ அதை இடிச்சுக் கல்யாண மண்டபம் கட்டிட்டாங்க. ரீலைக் கண்டா இவனுக்குக் கை சும்மா இருக்காது."

அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். அந்த அம்மா நகர்ந்ததும், "பொண்ணு பாக்க வந்தவன் எந்திச்சுப் போயிட்டாம்லா! வாட்டி, போவோம்" என்றார்.

எனக்கும் ஆத்திரம்தான். ஆனாலும் அந்த மனுஷனை ஒரு தடவை பார்த்துவிடவேண்டும் போலிருந்தது. ஒரு சமோசா வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன். ஆபரேட்டர் அறையில் அடுப்படி மாதிரி வெக்கை. தரை முழுக்க டப்பா. வியர்வையில் நனைந்திருந்த மாப்பிள்ளை நிமிராமலே கேட்டார்: "கீழே இன்னும் கத்துறாங்களா, சிஸ்டர்?"

"நான்தான் நீங்க பார்க்க வந்த பொண்ணு."

ரீலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். "ஒரே நிமிஷங்க. இதை மாட்டலைன்னா செத்தவன் மறுபடியும் சாவான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒன்றும் புரியாத ஆபரேட்டரும் சேர்ந்து சிரித்தார். சமோசாவை வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

படியடியில் அப்பா. "எங்கட்டி போன? அவன் உன்னையப் பாத்தானா இல்லையா?"

"அவுக இன்னும் சரியாப் பாக்கலப்பா. நான் பாத்துட்டேன். எனக்குச் சம்மதம்."